வந்த பாக்கெட் யாருடையது? வைஃபை டிரைவரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் என் வீட்டு ரவுட்டரில் ஒரு லேப்டாப், இரண்டு போன். அவ்வளவுதான். அதை வைத்தே ஒரு வைஃபை டிரைவரை, அதாவது வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளை, சோதித்தேன், எல்லாம் பறந்தது. அதே ரவுட்டரை ஒரு கல்யாண மண்டபத்தில் மாட்டினோம். முகூர்த்த நேரத்துக்கு நூற்றுச் சொச்சம் போன்கள் சேர்ந்ததும் வீடியோ கால் எல்லாம் திணறியது. சானல் நெரிசல் என்று முதலில் காற்றைத்தான் குறை சொன்னேன். பிராசசர் நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியைப் போட்டுப் பார்த்தால், வந்த பாக்கெட் (தரவுத் துண்டு) எந்த ஸ்டேஷனுடையது, அதாவது இணைந்திருக்கும் எந்தப் போனுடையது என்று பட்டியலில் தேடும் ஒரே ஃபங்ஷனில் பிராசசர் மாட்டிக்கொண்டிருந்தது.

மூன்று பேர் இருக்கும் பட்டியலில் யார் தேடினாலும் வேகம்தான். அதை நம்பியது என் முதல் தவறு. கணக்குப் போட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். ஜிகாபிட் வேகத்தில் 1,500 பைட் பாக்கெட்டுகள் நொடிக்குச் சுமார் 83,000 வரும். ஒன்றுக்கு 12 மைக்ரோ நொடிதான் கிடைக்கும். 128 பேர் உள்ள லிங்க்டு லிஸ்டில் (ஒருவர் அடுத்தவரைக் காட்டும் சங்கிலிப் பட்டியல்) சராசரியாக 64 பேரைத் தாண்ட வேண்டும். பிராசசரின் வேக நினைவகமான கேஷில் இல்லாத ஒவ்வொரு தாண்டலுக்கும் 100 நானோ நொடி என்று வைத்தால், 6.4 மைக்ரோ நொடி போச்சு. பாதி நேரம் ஆளைத் தேடுவதிலேயே கரைகிறது.

சரி, முகவரியிலிருந்தே கட்டத்தைக் கணக்கிட்டுத் தேடும் ஹாஷ் டேபிள் போட்டுவிடலாம் என்று உடனே கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. அதற்கு முன் ஒவ்வொரு பாக்கெட்டோடும் சிப் தரும் குறிப்பை, டிஸ்கிரிப்டரை, படியுங்கள். எங்கள் பக்கம் சாயங்காலம் தேயிலை நிறுக்கும் இடத்தில், மூட்டையைத் தராசில் மாட்டியதும் பறித்த அக்கா தன் நம்பரைச் சொல்வார். கணக்குப்பிள்ளை நேராக அந்த வரியில் கிலோவை எழுதுவார். பேரென்ன, எந்த லைன் வீடு என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தால் இருட்டிவிடும். பல வைஃபை சிப்களும் இப்படித்தான் அனுப்பியவரின் எண்ணைப் பாக்கெட்டோடு தருகின்றன. லினக்ஸின் எம்டி76 என்ற வைஃபை டிரைவர் அந்த எண்ணை அரே இண்டெக்ஸாக, அதாவது பட்டியலின் வரி எண்ணாக, வைத்தே ஆளைப் பிடிக்கிறது. பிடித்த ஸ்டேஷனை, டிரைவருக்கு மேலே இருக்கும் லினக்ஸின் பொது வைஃபை அடுக்கான மேக்80211-க்குப் பாக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால், அதுவும் இன்னொரு முறை தேடாது. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே மேக் முகவரியால் (கருவியின் ஆறு பைட் வன்பொருள் முகவரி) தேடும் டிரைவர்கள் இருக்கின்றன. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

எண் இல்லாத பாக்கெட்டுக்கு ஹாஷ் வேண்டும்தான். ஆனால் கைக்கு வந்த ஹாஷை எழுதாதீர்கள். மேக்80211 ஒரு காலத்தில் 256 கட்டங்கள் வைத்து, முகவரியின் கடைசி பைட்டை மட்டும் பார்த்தது. கணக்கிட வேகம்தான், ஆனால் மோதல்களை (பலர் ஒரே கட்டத்தில் விழுவதை) உண்டாக்குவது சுலபம், ஒரே ஒரு ஸ்டேஷன் இருக்கும் லேப்டாப்பில் மீதி 255 கட்டமும் வீண். 2015-இல் லினக்ஸின் மையமான கெர்னலின் பொதுவான ஹாஷ் டேபிளுக்கு மாற்றினார்கள். ஒரே முகவரி இரண்டு விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ்களில் (ஒரே சிப்பில் ஓடும் தனித்தனி நெட்வொர்க்குகள்) இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாக்கெட்டுக்கொரு தரம் பிராசசரின் எல்லாக் கோர்களும் ஒரே ஸ்பின்லாக்குக்கு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) வரிசையில் நிற்பதும் தவறுதான். படிப்பவர்களைப் பூட்டில்லாமல் விடும் ஆர்.சி.யூ. என்ற கெர்னல் முறை இருக்கும்போது அது தேவையில்லை.

ஆனால் ஆர்.சி.யூ.வுக்கு மாறியவர்கள் சறுக்குவது ஆளைச் சேர்க்கும்போது அல்ல, வெளியே அனுப்பும்போது. வரிசை முக்கியம்: முதலில் அரேயிலிருந்து அந்த ஆளின் மெமரியைச் சுட்டும் பாயிண்டரை நீக்க வேண்டும். அப்புறம் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில்தான் மெமரியை விடுவிக்க வேண்டும். 'போன பாக்கெட்டும் இவருடையதுதானே' என்று பாயிண்டரைச் சேமித்து வைப்பவர்களும் உண்டு. ஒரே ஆளிடமிருந்து பாக்கெட்டுகள் கொத்தாக வரும்போது அது நல்ல யோசனைதான். ஆனால் ஆர்.சி.யூ. பாதுகாக்கும் படிக்கும் பகுதிக்கு வெளியே அதைத் தூக்கிக்கொண்டு போனால், விடுவித்த மெமரியைத் தொடுவீர்கள்.

இதைவிட நயவஞ்சகமானது எண்ணை மறுபடி கொடுப்பது. தேயிலைத் தோட்டத்தில் 17-ஆம் நம்பர்க்காரர் வேலையை விட்டு நின்றுவிட்டார், அன்றைக்கே புது ஆளுக்கு அதே 17. பழையவரின் மூட்டை இன்னும் தராசுக்கு வரவில்லை. யார் கணக்கில் ஏறும்? டிரைவரிலும், வந்த பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும் ரிசீவ் ரிங்கில் பழைய பாக்கெட்டுகள் காத்திருக்கும். அதில் ஒன்றின் பெரிய பாக்கெட் எண் (பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஏறும் வரிசை எண்) புது ஸ்டேஷனின் ரீப்ளே கவுன்டரில் (கடைசியாக வந்த எண்ணைக் குறித்துவைக்கும் இடம்) ஏறிவிட்டால், அவர் உண்மையாக அனுப்புவதெல்லாம் பழைய பிரதி என்று தள்ளப்படும். போனில் வைஃபை முழுக்கோடு காட்டும், நெட் மட்டும் வராது. எண்ணைத் திருப்பிக் கொடுக்கும் முன் ரிங்கைக் காலி செய்யுங்கள். அனுப்புநர் முகவரி கைவசம் இருந்தால் ஆறு பைட்டையும் ஒப்பிட்டுவிடுங்கள். அந்த ஒப்பீட்டின் செலவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

இதையெல்லாம் படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தவறான மெமரித் தொடலைக் காட்டிக்கொடுக்கும் கேசான் கருவி இயக்கிய கெர்னலில், ஒரு பக்கம் நெட் வேகத்தைச் சோதிக்கும் ஐபெர்ஃப் ஓட, இன்னொரு பக்கம் அதே போன்களைத் துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கும் ஸ்கிரிப்டை விடுங்கள். நான் விட்டுவிட்டுக் கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) போடப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் கேசானின் எச்சரிக்கை திரையில் சிவப்பாக வந்து விழுந்தது.