வயிற்றுச் சதையால் மார்பகச் சீரமைப்பு: வீடு திரும்பிய பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் உடம்பில் எங்கே வலித்தாலும் முதலில் அடுப்பில் ஏறுவது உப்பு வறுக்கும் சட்டிதான். என் அக்கா திருவனந்தபுரத்தில் புற்று கண்ட மார்பகத்தை அகற்றி, அதே அறுவையில் தன் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டு புது மார்பகம் அமைத்துக்கொண்டு வீடு வந்த மூன்றாம் நாள், அவளுடைய மாமியார் வறுத்த உப்பைத் துணியில் முடிந்துகொண்டு ஒத்தடம் கொடுக்க வந்து உட்கார்ந்தார். முடிச்சைத் தொட்டுப் பார்த்த என் விரல் சூடு பொறுக்கவில்லை. அதை மார்பில் வைத்திருந்தால் அக்காவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இடம் மாற்றி வைக்கப்பட்ட தோலின் உணர்வு நரம்புகள் அறுவையின்போது துண்டிக்கப்பட்டுவிடுகின்றன. இரத்தம் ஓடுகிறது, நிறமும் வெதுவெதுப்பும் இருக்கின்றன, ஆனால் சுட்டாலும் உறைக்காது. அதனால் வெந்நீர்ப் பை, உப்பு ஒத்தடம், கிழி, பனிக்கட்டி எதுவும் அந்த இடத்தில் கூடாது. கொப்புளம் கிளம்பிய பிறகுதான் சுட்டது தெரியும். அடிவயிற்றுத் தழும்பைச் சுற்றிய பகுதிக்கும் இது பொருந்தும். உணர்வு ஓரளவு திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். திரும்பினாலும் மாதங்கள் பல ஆகும். சாரல் தொடங்கிக் குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் உறவினர்கள் அழைப்பார்கள். அருவி விழும் வேகத்தை மரத்துப்போன மார்பாலும் ஆறாத தழும்பாலும் அளக்க முடியாது என்பதால், அறுவை மருத்துவர் வெளிப்படையாக அனுமதி தரும்வரை அருவிக் குளியலையும் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடிப்பதையும் தள்ளி வைக்க வேண்டும்.

தனக்கு நடந்தது எந்த அறுவை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வீடு திரும்புவதையும் பெரிய தவறு என்றே சொல்வேன். 1982-இல் ஹார்ட்ராம்ப் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய 'டிராம்' முறையில் வயிற்றுத் தசையும் சேர்ந்து மேலே போகிறது. பின்னால் வந்த 'டீப்' முறையில் தசையை விட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனே உள்ள இரத்தக் குழாய்களை நுண்ணோக்கியின் கீழ் மார்புக் குழாய்களோடு தைக்கிறார்கள். முதுகுத் தசையைக் கக்கத்தின் வழியாக முன்னால் கொண்டுவரும் முறையும் உண்டு. தசை எடுக்கப்பட்டவருக்கு வயிறு பிதுங்கவும் குடலிறக்கம் வரவும் வாய்ப்பு கூடுதல்; முதுகிலிருந்து எடுத்தவருக்குத் தோள்தான் கவலை. பக்கத்துத் தெருக்காரர் ஒரு மாதத்தில் எல்லா வேலையும் செய்தார் என்று கேட்டு அதே கணக்கில் நடந்துகொள்வது ஆபத்தானது. டிஸ்சார்ஜ் சம்மரியில் முறையின் பெயர் இருக்கும். அதை மருத்துவரிடமே வாசிக்கச் சொல்லித் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தென்காசி மாவட்டத்துப் பெண்களிடம் புகையிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ சிகரெட் பிடிப்பாயா என்று மருத்துவர் கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், உண்மையும் அதுதான். ஆனால் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை வாயில் அடக்கும் பழக்கத்தையும், மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பீடி சுற்றுவதையும் யாரும் அந்தக் கேள்விக்குள் சேர்ப்பதில்லை. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மெல்லிய குழாயை நம்பி உயிரோடு இருக்கும் சதைக்கும், இறுக்கி இழுத்துத் தைத்த வயிற்றுத் தோலுக்கும் அந்தச் சுருக்கம் நேரடியான கேடு. ஓரங்கள் கறுத்துப் புண் ஆறாமல் போவதற்கு அது முக்கியக் காரணம். மென்றாலும் புகைத்தாலும் நிகோடின் ஒன்றே. பீடித் தூளைக் கையாளும்போது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடம்பில் சேர்கிறது. அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரமாவது புகையிலையை விட்டு விலகியிருக்கும்படி மருத்துவர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டாலும், பீடித் தொழில் செய்வதை நாமாகவே சொல்லிவிட வேண்டும். வீட்டில் வேறு யாராவது சுற்றுவதாக இருந்தால், தூளையும் இலையையும் வேறு அறைக்கு மாற்றிவிடலாம்.

அடுத்தது பத்தியம். தையல் போட்ட உடம்புக்கு மீனும் முட்டையும் கொடுத்தால் சீழ் பிடிக்கும், பருப்பு வாயு என்று சொல்லி, வாரக்கணக்கில் கஞ்சியும் துவையலும் மட்டுமே கொடுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மார்பிலும் வயிற்றிலும் இரண்டு பெரிய புண்கள் ஒரே நேரத்தில் ஆற வேண்டிய உடம்பு அது. புரதம் இல்லாமல் புண் ஆறாது. முட்டை, மீன், பயறு, பருப்பு, தயிர் எல்லாம் தாராளமாக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே இவற்றைச் சாப்பிடலாம். வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கும், முக்கினால் வயிற்றுத் தையல் இழுபடும் என்பதால், தண்ணீரும் கீரையும் பழமும் குறையக் கூடாது.

வயிற்றிலிருந்து சதை எடுத்தவர் முதல் ஓரிரு வாரம் முன்பக்கம் சற்றுக் கூனியே நடக்க வேண்டும். நிமிர்ந்து நட என்று அதட்டக் கூடாது. தோல் தளர்ந்ததும் உடம்பு தானாக நிமிரும். அதே சமயம், ஓய்வு என்ற பெயரில் நாள் முழுக்கப் படுக்கவைப்பதும் தவறே. காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பாயில் படுத்து எழுவதும், தரையோடு இருக்கும் கழிப்பறையில் குந்துவதும் வயிற்றை மடக்கி இழுக்கும். கட்டில், முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை, நாற்காலி உயரக் கழிப்பறை ஆகிய மூன்றையும் மருத்துவமனையிலிருந்து வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிட வேண்டும். ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, கிணற்றில் இறைக்கக் கூடாது, குழந்தையை இடுப்பில் வைக்கக் கூடாது. கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும் என்பதால், சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை மட்டும் விடாமல் செய்ய வேண்டும்.

நீர் வடியும் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினால், ஒவ்வொரு குழாயின் அளவையும் தனித்தனியே எழுத வேண்டும். பெரும்பாலும் 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் எடுப்பார்கள். அக்கா தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறம் 'மார்பு', 'வயிறு வலது', 'வயிறு இடது' என்று மூன்று வரி எழுதி வைத்தாள். மருத்துவர் அந்தத் தாள்களை வரிசையாகப் பார்த்துவிட்டு மார்புக் குழாயை மட்டும் எடுத்தார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி எழுதியிருந்தால் அது தெரிந்திருக்காது.

திருவனந்தபுரத்திலிருந்து ஆரியங்காவு, புளியரை வழியாக மலைச் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டியவர்கள் மார்புக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவில் சிறு தலையணை வைத்துக்கொள்ளலாம்; வலிக்கிறதென்று பெல்ட்டைக் கழற்றக் கூடாது. தென்மலையிலோ புனலூரிலோ இறங்கிச் சற்று நடக்க வேண்டும். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது என்றாலும், எங்கள் தலைமுறையின் மலையாளம் கடைத்தெருவோடு சரி. வார்டில் நர்ஸ், வலி இருக்கிறதா என்ற பொருளில் 'வேதன உண்டோ' என்று கேட்டபோது, மன வருத்தத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "வேதனை ஒண்ணும் இல்லம்மா, நல்லாப் பாத்துக்கிடுதீங்க" என்றாள் அக்கா. அப்போது அவளுக்குக் கெண்டைக்காலில் வலி இருந்தது. நல்லவேளையாக மருத்துவர் காலைத் தொட்டுப் பார்த்தார். வலி, வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றுக்கு அவர்கள் சொல்லும் சொற்களை முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு மார்புத் தோல் நீலமாகவோ வெளிறியோ மாறுதல், குளிர்ந்துபோதல், திடீரென வீங்குதல், காய்ச்சல், சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறினால் முதலில் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டு, அறுவை செய்த இடத்துக்குப் பிறகு தொலைபேசியில் சொல்லலாம்.

மாதங்கள் கழித்துப் புது மார்பகத்தில் கல் போல ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுவது உண்டு. இரத்தம் போதாமல் கொழுப்பின் ஒரு பகுதி இறுகினால் அப்படி ஆகும். இது அதுதான் என்று தாமாக முடிவு செய்து மறைத்து வைப்பதும், புற்று திரும்பிவிட்டதென்று சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பதும் இரண்டுமே தவறு; ஸ்கேன் எடுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும், தேவைப்பட்டால் ஊசியால் துளி எடுத்துப் பார்ப்பார்கள். புற்று திரும்பாமலிருக்கக் கொடுக்கும் தமாக்சிஃபென் மாத்திரையை அறுவைக்காக நிறுத்தியிருந்தால், எந்தத் தேதியில் திரும்பத் தொடங்குவது என்பதை அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.