படம் ஒரு பக்கம், ரிப்போர்ட் ஒரு பக்கம்: ஸ்கேன் சென்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எங்கே புதிதாக பேக்ஸ் (ஸ்கேன் படங்களைச் சேமித்துக் காட்டும் கணினி அமைப்பு) போட்டாலும் அதே தவறுகள்தான் திரும்ப வருகின்றன. ஐபி முகவரியோ ஏஇ டைட்டிலோ (நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் வைக்கும் பெயர்) தப்பானால் படமே போகாது, முதல் நாளே பிடிபட்டுவிடும். படமும் போய், ரிப்போர்ட்டும் போய், இரண்டும் சேராமல் கிடப்பதுதான் ஆபத்து.

கன்சோலில் (ஸ்கேன் மெஷினை இயக்கும் கணினியில்) கையால் அடிப்பது

எரிச்சலைக் கிளப்புவது இதுதான். கவுண்டரில் பதிந்த விவரத்தை மெஷினுக்குத் தானாகக் கொண்டுவரும் ஒர்க்லிஸ்ட் இணைப்புக்குக் காசு கட்டியிருப்பார்கள். கூட்டம் சேர்ந்ததும் டெக்னீஷியன் பெயர், வயது, நம்பர் எல்லாவற்றையும் தானே அடிப்பார். கவுண்டரில் 'எஸ்.முருகன்', கன்சோலில் 'முருகன் எஸ்'. நம் இனிஷியல் அப்பா பெயர். ஸ்கேன் படங்களுக்கான பொதுத் தரமான டைகாமோ குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று பிரித்துக் கேட்கும். ஆளுக்கொரு விதமாகப் பிரிப்பார்கள். பெயரை நம்பிப் பொருத்தவே கூடாது. நோயாளி எண்ணும் ஆக்சஷன் நம்பரும் (ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தரும் தனி எண்) பொருந்த வேண்டும்.

அந்த ஆக்சஷன் நம்பரிலும் ஒரு பள்ளம் உண்டு. டைகாமில் அதற்கு 16 எழுத்துக்குத்தான் இடம். கிளைக்கு 3 எழுத்து, மெஷினுக்கு 2, வருடத்துக்கு 4, வரிசை எண்ணுக்கு 5, நடுவே 3 கோடு என்று அழகாக வடிவமைப்பார்கள். கூட்டினால் 17. சில மெஷின்கள் மறுத்துவிடும், அது நல்லது. சில சத்தமில்லாமல் கடைசி இலக்கத்தை வெட்டிவிடும். 00010 முதல் 00019 வரை பத்துப் பேருக்கும் 0001 ஒன்றே மிஞ்சும். தலைவலிக்கு எடுத்த சிடியில் பக்கத்து ஆளின் வயிற்று ரிப்போர்ட் ஏறிக்கொள்ளும். கோடுகளை எடுத்தால் 14, தீர்ந்தது. கிளைக் குறியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எல்லாக் கிளையும் 1-லிருந்து தொடங்கினால் ஒரே சர்வரில் சேரும்போது அதே குழப்பம்தான்.

விபத்துக் கேஸில் பதிய நேரமில்லை என்பார்கள். நியாயம்தான். அதற்கென்று தற்காலிக எண்களை ஒதுக்கி ஒர்க்லிஸ்டில் முன்பே ஏற்றி வையுங்கள். ஆள் யாரென்று தெரிந்ததும் எச்எல்7-இன் (மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறும் தரம்) ஏ40 மெர்ஜ் செய்தி தற்காலிக எண்ணையும் உண்மையான எண்ணையும் சேர்க்கும். உங்கள் பேக்ஸ் அந்தச் செய்தியை வாங்குகிறதா என்று பணம் முழுவதும் கொடுக்கும் முன் சோதியுங்கள்.

பிறந்த தேதி தெரியாவிட்டால் ஜனவரி 1 என்று போடுவது

'அறுபது இருக்கும்' என்ற பாட்டி அடுத்த முறை 'அறுபத்தஞ்சு' என்பார். கணக்குப் போட்ட பிறந்த தேதி மாறி, சிஸ்டத்தில் இரண்டு பாட்டிகள் ஆகிவிடுவார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட டைகாம் அனுமதிக்கிறது. வயதுக்குத் தனி இடம் உண்டு.

தமிழில் பெயர்

எழுத்துத் தொகுதியை யுடிஎஃப்-8 (தமிழையும் ஏற்கும் எழுத்துக் குறியீட்டு முறை) என்று குறிக்காவிட்டால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும்.

ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புவது

வேண்டாம்.

திருத்திய ரிப்போர்ட்டுக்குப் புது நம்பர்

வலது சிறுநீரகம் இடது என்று டைப் ஆகிவிட்டது, திருத்தியாயிற்று. அதைப் புது ஆக்சஷன் நம்பரில் அனுப்பினால் பழையதும் உயிரோடு இருக்கும். டாக்டர் கண்ணில் எது முதலில் படுமோ அதுதான் ரிப்போர்ட். பழைய நம்பரிலேயே, நிலையை 'இறுதி' என்பதிலிருந்து 'திருத்தம்' என்று மாற்றி அனுப்புங்கள். எச்எல்7-இல் அது எஃப் (இறுதி) என்பதை சி (திருத்தம்) என்று மாற்றும் ஓரெழுத்து வேலை. அனுப்பிய கையோடு டாக்டருக்கு ஒரு போனும் போடுங்கள்.