பழ ஈப் புழுவின் கண் நரம்பு எங்கே போய் நிற்கிறது: சாயமேற்றிப் பார்க்கும் முறை

பழ ஈயின் கூட்டுக்கண்ணில் சுமார் 750 சிறுகண்கள். ஒவ்வொன்றிலும் ஆர்1 முதல் ஆர்8 வரை எட்டு ஒளியுணர் செல்கள். முதல் ஆறின் நரம்பிழைகள் மூளையின் முதல் பார்வை அடுக்கான லாமினாவிலேயே நின்றுகொள்ளும். ஆர்7, ஆர்8 இரண்டும் அதைத் தாண்டி அடுத்த அடுக்கான மெடுல்லாவுக்குப் போகும். இந்தப் பிரிவினையைப் பார்க்க கூட்டுப்புழு ஆவதற்கு முந்தைய மூன்றாம் பருவப் புழு போதும்.

மண்டியில் வாழைத்தாரை மொய்ப்பதைப் பிடித்து வர வேண்டாம். பல இனம் கலந்திருக்கும். ஆய்வகப் பழ ஈ இனமான மெலனோகாஸ்டரை மக்காச்சோள மாவுத் தீனியில் 25 டிகிரியில் வளர்க்க வேண்டும். கோவையில் சித்திரை மாதம் அறை வெப்பத்தை நம்பினால் போச்சு: 30-ஐத் தாண்டினால் ஆண் ஈ மலடாகும், முட்டை கிடக்கும், புழு வராது. முட்டையிட்ட ஐந்தாம் நாள், தீனியை விட்டுக் குப்பிச் சுவரில் ஏறும் கொழுத்த புழுவை எடுங்கள்.

குளிர்ந்த பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்பு) கரைசலில் ஒரு இடுக்கியால் உடம்பின் நடுவைப் பிடித்து, மற்றதால் கறுத்த வாய்க்கொக்கியைக் கவ்வி மெல்ல இழுத்தால் கண் தட்டும் (பின்னால் ஈயின் கண்ணாக மாறும் திசு) மூளையும் சேர்ந்தே வரும். தட்டையும் மூளையையும் இணைப்பது குட்டையான ஒரு கண்காம்பு. நரம்பிழை அத்தனையும் அதற்குள்தான். அது அறுந்தால் அந்தப் பக்கம் வீண். அதனால் கொழுப்பை மட்டும் நீக்குங்கள். வாய்க்கொக்கியைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும்.

திசு கெடாமல் நிலைநிறுத்த 4% பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம். 0.3% டிரைட்டன் (சோப்பு போன்ற பொருள்) கலந்த பிபிஎஸ்ஸில் மூன்று கழுவல், 5% ஆட்டு சீரத்தில் அரை மணி. பிறகு ஒளியுணர் செல்களில் ஒட்டும் 24பி10 ஆன்டிபாடி 1:100, இரவு முழுக்க 4 டிகிரியில். மறுநாள் மறுபடி கழுவி, ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடியில் இருட்டில் 2 மணி நேரம். 80% கிளிசராலில் வைக்கும்போது இருபுறமும் கண்ணாடித் துண்டு முட்டுக்கொடுங்கள். இல்லாவிட்டால் மூளை நசுங்கி அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும்.

காம்பைத் தாண்டியதும் இழைகள் விசிறியாக விரியும், தறியில் அச்சுப்பல்லுக்குள் பாவு நூல் வரிசை மாறாமல் போகிற மாதிரி. லாமினாவில் தெரியும் தடித்த, சீரான பட்டைதான் ஆர்1–ஆர்6 நுனிகள். தட்டில் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு சிறுகண் வரிசை புதிதாகச் சேர்வதால் பின்வரிசை இழைகள் முன்பே வந்திருக்கும், முன்வரிசை இப்போதுதான் வரும். ஒரே புழுவில் வளர்ச்சியின் பல கட்டங்கள் கிடைக்கின்றன.

பட்டையில் ஓட்டை தெரிந்தால் உடனே மரபணுவைக் குற்றம் சொல்லாதீர்கள். மூளை சாய்ந்து கிடந்தாலும் அப்படித்தான் தெரியும்; 1 மைக்ரான் இடைவெளியில் அடுக்குப் படம் எடுத்துப் பாருங்கள். அப்போதும் ஓட்டை இருந்து, மெடுல்லாவில் தடித்த கட்டுகள் நுழைந்திருந்தால், ரெப்போ ஆன்டிபாடியால் கிளியா செல்களை (நரம்புக்குத் துணை நிற்கும் செல்கள்) பாருங்கள். நுனிகள் நிற்பது அவற்றின் அடுக்குகளுக்கு இடையில்தான். நான்-ஸ்டாப் மரபணு கெட்ட புழுவில் கிளியா வந்து சேராததால், இழைகள் நிற்க இடமின்றிக் கடந்து போய்விடும்.