‘உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்’ என்று நண்பர் சொன்னால்

உடன் படித்தவரோ, ஒரே ரூமில் தங்கியிருப்பவரோ, ஆபீஸ் நண்பரோ, தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் (கே) என்று உங்களிடம் சொல்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த நிமிடத்திலிருந்து அவருடைய வேலை, வாடகை வீடு, சொந்தபந்தம் எல்லாவற்றிலும் கொஞ்சம் உங்கள் வாயிலும் உங்கள் போனிலும் இருக்கிறது.

வெளியே சொல்லாமல் வாழ்பவர்களைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. ‘தப்பில்லேன்னா ஏன் மறைக்கணும்?’ என்பது ஒன்று. ‘இந்தக் காலத்துல என்ன பயம், தைரியமா சொல்லு’ என்பது ஆதரவாளர்களின் பேச்சு. அப்படி வாழும் நாங்கள் அதிகம் அஞ்சுவது இரண்டாவதைத்தான். அப்படித் தைரியம் சொல்பவர் வீட்டைக் காலி செய்யப் போவதில்லை. சொன்னவர்தான் காலி செய்ய வேண்டியிருக்கும். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் சிராஸ் யாரிடமும் எதையும் அறிவிக்கவில்லை. 2010 பிப்ரவரியில் கேமராவோடு வீட்டுக்குள் நுழைந்தவர்கள் அவர் ஓர் ஆணுடன் இருந்ததைப் படமெடுத்தார்கள். பணியிடைநீக்கம் செய்யப்பட்டவர் அவர்தான். ஏப்ரலில் அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. சில நாட்களிலேயே தன் வீட்டில் இறந்துகிடந்தார். பாலீர்ப்பு அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-இல். சொல்வதைப் போலவே சொல்லாமலிருப்பதும் உங்கள் நண்பரின் உரிமை.

அவர் சொன்ன அன்றே மூன்று விஷயங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியவே கூடாது? யாராவது என்னிடம் கேட்டால் என்ன சொல்லட்டும்? ‘நல்லா யோசிச்சியா’, ‘பொண்ணுங்களோட பழகிப் பார்த்தியா’ போன்ற கேள்விகள் வேண்டாம். அவர் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்விகள் அவை. மனதுக்குள் தன்னையே கேட்டுக்கொண்டவை.

அடுத்து போன். வாட்ஸப்பில் அந்த உரையாடலுக்கு மட்டும் சாட் லாக் போடுங்கள். மறைந்துபோகும் செய்தி வசதியை 24 மணி நேரத்துக்கோ 7 நாளுக்கோ வையுங்கள். பூட்டிய திரையில் செய்தியின் வரிகள் தெரியாதபடி நோட்டிஃபிகேஷனை மாற்றுங்கள். டைனிங் டேபிளில் கிடக்கும் போனை முதலில் பார்ப்பது அம்மாவோ தங்கையோதான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸப் வெப் திறந்தே கிடக்கிறதா என்று லிங்க்டு டிவைசஸில் பாருங்கள். அவர் பேசும்போது காரின் ப்ளூடூத் இணைந்திருந்தால் பின்சீட்டில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். சென்னையில் தன்பாலீர்ப்பாளர்கள் உரிமைக்காக நடக்கும் பிரைடு ஊர்வலத்துக்குச் சேர்ந்து போனால் அவர் முகம் உள்ள படத்தைக் கேட்காமல் பதிவிடாதீர்கள். டேக் செய்யாவிட்டாலும் சொந்தக்காரர் கண் கண்டுபிடித்துவிடும்.

சிக்கலான இடம், அவர் அம்மா உங்களைத் தனியாகப் பிடித்துக் கேட்பது: ‘தம்பி, அவன் யாரையாச்சும் விரும்புறானா? உனக்குத் தெரியாம இருக்காது.’ காப்பாற்றுவதாக நினைத்து ஒரு காதலியைக் கற்பித்துச் சொல்லிவிடாதீர்கள். பெண் பெயர் என்ன, எந்த ஊர், என்ன ஆளுங்க என்று அடுத்தடுத்து வரும். மறுநாளே ஒரு மாமா விசாரிக்கக் கிளம்பிவிடுவார். ‘அதை அவன்கிட்டயே கேளுங்கம்மா, நான் சொன்னா நல்லாயிருக்காது’ என்றால் போதும். ஆனால் இந்தப் பதிலை எல்லா நண்பர்கள் விஷயத்திலும் சொல்லிப் பழகுங்கள். மற்றவர் காதல்கதையை விலாவாரியாகச் சொல்லிவிட்டு இவரைப் பற்றி மட்டும் வாயை மூடினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆபீஸில் ‘அவன் ஒரு மாதிரி’ என்று கிண்டல் வந்தாலும் அப்படித்தான்: சேர்ந்து சிரிக்கவும் வேண்டாம், கொதித்தெழவும் வேண்டாம். ‘அது நமக்கெதுக்கு, ஃபைலை அனுப்புங்க’ என்று நகருங்கள்.

கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் கணக்கு மாறும், ஏனென்றால் ஒன்றும் அறியாத ஒரு பெண் உள்ளே வருகிறாள். பெண் வீட்டுக்கு நீங்களே போன் போடாதீர்கள். ஜாதகம் பார்க்கும் கட்டத்திலேயே நண்பரே அதை நிறுத்தும்படி செய்வதுதான் உங்கள் வேலை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தபின் அது பத்து மடங்கு கடினம். காரணம் சொல்லாமலே ‘கல்யாணம் வேண்டாம்’ என்று அவரால் சொல்ல முடியும். வெளியூர் வேலை அதற்குக் கைகொடுக்கும். ‘கட்டிவச்சா சரியாயிடும்’ என்பது பொய். உண்மையை ஏமாற்றி மறைத்துச் சம்மதம் வாங்கினால், இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி அந்தப் பெண், தெரியவந்த ஓராண்டுக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். அப்போது எல்லாம் கோர்ட் காகிதத்தில் ஏறும். ‘குணப்படுத்த’ டாக்டரிடம் இழுத்துப் போனால், அப்படிப்பட்ட சிகிச்சையை தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே தொழில் ஒழுங்கீனமாக அறிவித்துவிட்டது என்று சொல்லுங்கள்.

டேட்டிங் ஆப்பில் சந்தித்தவன் ‘எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்’ என்று பணம் கேட்டால் ஒரு ரூபாயும் தரக் கூடாது. தந்தால் மறுபடி கேட்பான். அந்த உரையாடலை அழிக்காமல் நம்பரும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் யூபிஐ பரிவர்த்தனை எண்ணோடு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். மிரட்டிப் பணம் பறிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 308-ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. போலீஸுக்குப் போக அவர் பயப்பட வேண்டாம்: வயது வந்த இருவர், ஒரே பாலினத்தவராக இருந்தாலும், சம்மதத்தோடு உறவுகொள்வது 2018 செப்டம்பர் 6-இலிருந்து குற்றமில்லை. புகாரில் வீட்டு நம்பரைத் தராமல் அவருடைய சொந்த மொபைலையே தரட்டும். ஸ்டேஷனுக்கு வக்கீலோடு போவது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் நீங்கள் எங்காவது உளறிவிட்டால், அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்: யாரிடம், என்ன வார்த்தையில், பக்கத்தில் யார் இருந்தார்கள். கேட்டவரைக் கூப்பிட்டு ‘யாருக்கும் சொல்லிடாதே’ என்று நீங்களாகக் கெஞ்சப் போகாதீர்கள். அரைகுறையாகக் கேட்டதை அது உறுதிப்படுத்திவிடும். கேட்டவரிடம் பேச வேண்டுமா, சும்மா விட வேண்டுமா என்பதை நண்பரே முடிவு செய்யட்டும்.