கொசுறை இனி வீட்டுக்குள்ளேயே வளர்க்கலாம்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் அம்மா காயெல்லாம் வாங்கிக் காசு கொடுத்த பிறகும் பையை மூடாமல் நிற்பார். கடைக்காரம்மா ஒரு கொத்து கறிவேப்பிலையும் நாலு இணுக்கு கொத்தமல்லியும் போட்டால்தான் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். இப்போது போனில் ஆர்டர் போட்டால் அதற்கும் தனி விலை. காசு பெரிதில்லை, அந்தக் கொசுறு போனதுதான் வருத்தம். அதனால் சென்னையில் ஃபிளாட்டுக்கு வந்ததும் சமையலறை ஜன்னலில் அதை வளர்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ஜன்னலைப் பாருங்கள். நாலு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும், கிழக்கு ஜன்னல் என்றால் ரொம்ப நல்லது. வெளிச்சம் போதாவிட்டால் செடி நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். அப்போது ஒரு சாதாரண வெள்ளை எல்இடி ட்யூப்லைட்டைச் செடிக்கு அரை அடி மேலே கட்டி, தினமும் 12 மணி நேரம் எரியவிடுங்கள்.

விதைக்குப் பாக்கெட் தேடி அலைய வேண்டாம், மளிகைக் கடைத் தனியாவும் வெந்தயமுமே போதும். ஆனால் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் கடையில், சரக்கு சீக்கிரம் தீர்ந்து புதிதாக வரும் இடத்தில் வாங்குங்கள், பழைய தனியா முளைக்காது. எங்கள் தெருவில் இன்னும் அப்படி ஒரு அண்ணாச்சி கடை இருக்கிறது. பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, தனியாவைக் கொட்டி, மேலே தொங்கும் சணல் உருண்டையிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி, விரலாலேயே வெடுக்கென்று அறுத்துக் கொடுப்பார். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வரும் வாசனைக்காகவே நான் நடந்து போகிறேன்.

தனியாவின் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு விதை. சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் பாதியாகப் பிளக்கும், அழுத்தினால் நொறுங்கிவிடும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, அடியில் ஓட்டை போட்ட, ஐந்தாறு அங்குல ஆழமுள்ள டப்பாவில் விதையுங்கள். தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம், செம்மண் மூன்றும் சம அளவு. மேலே அரை அங்குலம் மண் போதும். முளைக்கப் பத்து நாள் போல ஆகும், மூன்றாம் நாளே தோண்டிப் பார்க்காதீர்கள். கோடையில் இன்னும் சுணங்கும்.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால் வெந்தயத்தில் தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும், மூன்று நாலு வாரத்தில் கீரை. நெருக்கிக் கொட்டாதீர்கள், வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். புதினா இன்னும் சுலபம்: சமைத்தது போக மீதித் தண்டில் அடி இலைகளைக் கிள்ளி, தண்ணீர் டம்ளரில் வையுங்கள், வேர் விட்டதும் மண்ணுக்கு மாற்றுங்கள். முளைவிட்ட சின்ன வெங்காயத்தையும் சும்மா ஊன்றி வைத்தால் வெங்காயத்தாள் கிடைக்கும்.

தண்ணீர்தான் பலர் தவறும் இடம். விரலை மண்ணில் ஒரு கணு விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

கறிவேப்பிலை மட்டும் வீட்டுக்குள் சரிப்பட்டு வராது, அதற்கு நல்ல வெயில் வேண்டும். பால்கனி இருந்தால் பெரிய தொட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் அண்ணாச்சியிடம் கேளுங்கள், எங்கள் தெருக் கடையில் அது இன்னும் கொசுறுதான்.