விலை உயர்ந்த செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கலாமா? மலைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரிக்குத் துப்பாக்கி புதிது இல்லை. 1877-ல் இங்கே தொடங்கிய வேட்டைச் சங்கம்தான் பின்னாளில் நீலகிரி வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக மாறியது. அருவங்காட்டில் வெடிமருந்து செய்கிறார்கள். வெலிங்டனில் ராணுவம் பயிற்சி எடுக்கிறது. பழைய எஸ்டேட் பங்களாக்கள் சிலவற்றில் தாத்தா காலத்து டபுள் பேரல் இன்னும் லைசென்ஸோடு இருக்கிறது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒருவருக்குக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நல்ல ரைஃபிள் ஒன்று வாங்கும் ஆசை வருவது இயல்புதான். இப்போது அந்த ஆசை, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் பக்கம் திரும்பியிருக்கிறது. அமெரிக்க வீடியோக்களில் கடைக்குப் போய் வாங்கி, அன்று மாலையே சுடுகிறார்கள். பார்க்கிறவருக்குக் கை துறுதுறுக்கிறது.

கோத்தகிரி, குன்னூர் பக்கத்துத் தம்பிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, அவ்வளவு விலை கொடுக்கலாமா?" நம் மலையில் இருக்கிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் நான் சொல்லும் பதில், வேண்டாம். அந்த ரைஃபிள் மோசமானது என்பதால் இல்லை. அது எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ, அந்த வேலை இங்கே சட்டப்படி கிடையாது. இது தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டு அலைகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

துப்பாக்கியைப் பிடித்துப்போன பிறகு லைசென்ஸைப் பற்றி யோசிப்பது

எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் துப்பாக்கிகளை வகை பிரிக்கின்றன. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை, அதாவது தோட்டாவைத் தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டை, இழுக்கும் சாதாரண ரைஃபிள் (இதைத்தான் போல்ட் ஆக்‌ஷன் என்பார்கள்), சின்னத் தோட்டா போடும் .22 ரிம்ஃபயர் ரைஃபிள், பறவைத் துப்பாக்கி என்று நாம் அழைக்கும் ஷாட்கன் ஆகியவற்றுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வருகிறது. அதற்கான லைசென்ஸ் அதிகாரம் டெல்லியில் உள்துறை அமைச்சகத்திடம் இருக்கிறது. உயிருக்குக் கடுமையான அச்சுறுத்தல் இருப்பது போன்ற காரணங்களைப் பார்த்துத்தான் அங்கே முடிவு செய்கிறார்கள். ஆர்வம் ஒரு காரணமாகாது.

".22 சின்னத் தோட்டாதானே, செமி ஆட்டோவாக இருந்தால் என்ன?" என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். விதி அப்படிப் பார்ப்பதில்லை. .22 ரைஃபிளுக்கு இருக்கும் தளர்வு, அது தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் வகையாக இருந்தால் போய்விடும். இன்னொரு கண்ணியும் இருக்கிறது: .303 அல்லது 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவை ஏற்றக்கூடிய ரைஃபிள், போல்ட் ஆக்‌ஷனாகவே இருந்தாலும் கட்டுப்படுத்தப்பட்டதுதான். "லைசென்ஸில் ஏற்றிக்கொள்ளலாம் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று விற்பவர் சொன்னால், அந்தத் துப்பாக்கியின் வகை என்ன, இந்த லைசென்ஸில் அது வருமா என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

சமவெளிக்காரர்கள் பலர் யோசிக்கத் தேவையில்லாத ஒன்று நமக்கு உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் கொடுக்க, தலைமை வனஉயிரினக் காப்பாளரின் முன் சம்மதம் வேண்டும். முதுமலையைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டம் போட்டால் மசினகுடி உள்ளே வந்துவிடும். பழனி மலையில் 2013-ல் கொடைக்கானல் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு அங்கேயும் இதே நிலைதான். சாதாரண .22-க்கே இந்தச் சம்மதம் வேண்டும். வீடு எந்த வட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். துப்பாக்கியின் கேட்டலாக்கைப் பிறகு பார்க்கலாம்.

காட்டுப்பன்றிக்காக வாங்குகிறேன் என்று சொல்வது

கேரட், உருளை, பீட்ரூட் போட்டவர்களின் வேதனை எனக்குத் தெரியும். ஒரே ராத்திரியில் பன்றிக் கூட்டம் ஒரு பாத்தியையே புரட்டிப் போட்டுவிடும். மன்னவனூர் பக்கம் பூண்டு போடுகிறவர்களுக்குக் காட்டுமாட்டுத் தொல்லை வேறு. ஆனாலும் அதற்கு ரைஃபிள் வாங்குவது வழியில்லை. தமிழ்நாட்டில் காட்டுப்பன்றியைச் சுடும் முடிவும் வேலையும் வனத்துறையினுடையவை. பட்டா நிலம் என்றாலும் நாம் சுட முடியாது. காட்டுமாடு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில், இருக்கும் விலங்கு. அதைச் சுட்டால் சிறைதான். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்கலாம், சூரிய மின்வேலி போடலாம். ரைஃபிளுக்கு ஒதுக்கிய லட்சங்களில் கணிசமான நிலத்துக்கு வேலி போட்டுவிடலாம்.

போட்டிக்கு உதவும் என்று நம்புவது

நான் அதிகம் வருத்தப்படுவது இதற்குத்தான். ஏனென்றால் இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைகளும் அவர்களுக்காகக் கடன் வாங்கும் பெற்றோரும். உலகத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி, 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் ஒவ்வொரு குண்டையும் கையால் ஒன்றொன்றாக ஏற்றும் ரைஃபிள்தான் அனுமதி. குண்டு 5.6 மில்லிமீட்டர், அதாவது நாம் சொல்லும் .22. செமி ஆட்டோவோடு போனால் ஆயுதப் பரிசோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒலிம்பிக்கில் இந்தியா இதுவரை ரைஃபிளில் வாங்கிய பதக்கங்களைப் பாருங்கள். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கமும் 2012 லண்டனில் ககன் நாரங்கின் வெண்கலமும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வந்தவை. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். மூன்றுமே ஒரு நேரத்துக்கு ஒரு குண்டு ஏற்றும் ரைஃபிள்கள். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் ஏர் ரைஃபிளில்தான். ஒலிம்பிக்கில் செமி ஆட்டோவை 25 மீட்டர் பிஸ்டல் பிரிவுகளில் பார்க்கலாம். அந்தப் பாதையே வேறு.

சரி, அப்படியென்றால் செமி ஆட்டோ ரைஃபிள் எதற்காகச் செய்யப்பட்டது? ஐரோப்பாவில் ஆட்கள் வரிசையாக நின்று காட்டைக் கலைத்துப் பன்றியை விரட்டுவார்கள். ஓடிவரும் பன்றிமேல் முதல் குண்டு தவறினால், கண்ணை எடுக்காமல் இரண்டாவது குண்டு போட வேண்டும். 1967-ல் வந்த பிரவுனிங் பி.ஏ.ஆர். போன்ற ரைஃபிள்கள் அந்த மாதிரி வேட்டைக்குப் பொருந்தியவை. குழலில் ஒரு சிறிய துளை; அதன் வழியே வரும் வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது; போல்ட் பின்னால் போய் வெற்று ஓட்டை வெளியே எறிகிறது; சுருள்வில் அதைத் திரும்பத் தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறிவிடுகிறது. 1964 முதல் விற்கும் ரூகர் 10/22 போன்ற .22 ரைஃபிள்களில் பிஸ்டன்கூட இல்லை. ஓடு பின்னால் உதைக்கும் விசையே போல்ட்டைத் தள்ளிவிடுகிறது. அழகான பொறியியல், சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பெரிய பங்கு இந்த இயக்கத்துக்குப் போகிறது. அதே விலையில் ஒரு போல்ட் ஆக்‌ஷன் வாங்கினால் அந்தப் பணம் குழலுக்கும் டிரிகருக்கும் போகும். தாளில் குண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக விழவைப்பவை அந்த இரண்டும்தான்.

விலையைத் தரம் என்று எடுத்துக்கொள்வது

வெளிநாட்டில் நடுத்தர விலைக்குக் கிடைக்கும் ரைஃபிள் இங்கே பல மடங்கு விலைக்குக் கைமாறுகிறது. 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதி நிறுத்தப்பட்டதுதான் காரணம். அங்கீகாரம் பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. ஏற்கெனவே உள்ளே வந்தவைதான் திரும்பத் திரும்பக் கைமாறுகின்றன. அதனால் நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி தட்டுப்பாட்டுக்கானது. நாற்பது வருடம் பழைய இரும்புக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசின் உதட்டுப்பக்கம் வளைந்துபோனால் மாற்று மேகசினுக்கு எங்கே போவது? வெற்று ஓட்டை வெளியே எறியும் எஜெக்டரோ சுருள்வில்லோ உடைந்தால்? போல்ட் ஆக்‌ஷனில் மேகசின் கெட்டாலும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடலாம். செமி ஆட்டோவின் அருமையே மேகசினில்தான்.

திரும்ப விற்றுவிடலாம் என்ற கணக்கும் சுலபமானது இல்லை. வாங்குகிறவரிடம் அதே வகைக்கான லைசென்ஸ் இருக்க வேண்டும். எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் கழிய வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசென்ஸ்காரர் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்க முடியும். அதனால் வாங்க ஆளும் குறைவு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், அது வேறு.

மலையின் ஈரத்தைக் கணக்கில் எடுக்காதது

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழை, இடையில் மூடுபனி. இந்த ஈரத்தில் எந்தத் துப்பாக்கிக்கும் கவனிப்பு வேண்டும். செமி ஆட்டோவுக்கு இரட்டிப்பாக வேண்டும், ஏனென்றால் அதில் கரி படியும் இடங்கள் அதிகம். கரியோடு ஈரம் சேர்ந்தால் துரு பிடிக்கும். .22 தோட்டாவின் மெழுகும் ஈயமும் போல்ட்டில் படிந்து, குளிரில் எண்ணெயோடு சேர்ந்து பிசுபிசுத்து, ஓடு பாதி வெளியே வந்து மாட்டிக்கொள்ளும்.

துப்பாக்கியைத் தோல் உறையிலோ துணி உறையிலோ போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். உறை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும். குளிரிலிருந்து கணப்பு மூட்டிய அறைக்குள் கொண்டுவந்தவுடன் பெட்டியைத் திறந்தால் இரும்பெல்லாம் வியர்க்கும். அறையின் சூட்டுக்கு வரும்வரை மூடியே வையுங்கள். துப்பாக்கியின் மரக்கட்டை ஈரத்தில் உப்பினால் குழலை அழுத்தும், குண்டு விழும் இடம் மாறும். பலர் இதை ஸ்கோப் கோளாறு என்று நினைத்துத் திருகித் திருகிப் பார்க்கிறார்கள். உயரத்தில் காற்று மெலிது என்பதால் குண்டு மேலே போகிறது என்றும் சிலர் சொல்வார்கள். 50 மீட்டரில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

எங்கே சுடுவது என்று யோசிக்காதது

எஸ்டேட் சரிவு சுடுதளம் இல்லை. .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. ஈரப் பாறையில் பட்டால் எந்தத் திசைக்கும் தெறிக்கும். தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே குனிந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் எதிர்ச் சரிவிலிருந்து பார்த்தால் தெரியமாட்டார்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ராணுவச் சுடுதளம் நமக்கானது இல்லை. ஊட்டிக்காரர் கோவைக்கும், கொடைக்கானல்காரர் மதுரைக்கும் இறங்கித்தான் சுட வேண்டியிருக்கும். மாதத்தில் எத்தனை நாள் அப்படிப் போக முடியும் என்பதைப் பொறுத்துத்தான் எந்த ரைஃபிளுக்கும் மதிப்பு. லைசென்ஸில் ஒரு நேரத்தில் எத்தனை தோட்டா, வருடத்துக்கு எத்தனை என்று எழுதியிருக்கும். ஒரே போட்டியில் 60 குண்டு சுடுகிறோம். செமி ஆட்டோவில் அந்த 60 சில நிமிடங்களில் காலியாகிவிடும், கற்றுக்கொண்டதோ சொற்பமாக இருக்கும்.

பழகாத கைக்கு இன்னொரு ஆபத்து. மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைத்துவிடுவார்கள். முந்தைய குண்டு வெடித்தபோதே அடுத்தது குழலின் பின்முனையில் இருக்கும் தோட்டா அறைக்குள் ஏறிவிட்டது. மேகசினை எடுத்த பிறகும் அது உள்ளேதான் இருக்கும். மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து நிறுத்தி, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். வெளிச்சம் குறைந்த மூடுபனி நாளில் விரல்தான் நம்பகமானது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தோட்டா ஓரிடம், துப்பாக்கி ஓரிடம், இரண்டுக்கும் பூட்டு.

அப்புறம், அந்தப் பணத்தை என்ன செய்வது? குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டின் விசை ஆற்றல் 20 ஜூலுக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைக் கொண்டு பறவையையோ அணிலையோ சுட்டால் அது வனவிலங்குக் குற்றம், அதை மட்டும் மறக்க வேண்டாம். 10 மீட்டர் போட்டிக்கான இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதை ஒழுங்காக அடிக்கக் கற்றுக்கொள்ளச் சில வருடங்கள் ஆகும், அதுவரை வேறு துப்பாக்கி தேவைப்படாது. இதற்கு இடமும் அதிகம் வேண்டாம்: பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு ஷெட், பின்னால் ஆள் நடமாட்டமும் கதவும் இல்லாத கனமான சுவர், பெல்லட்டை, அதாவது ஏர் ரைஃபிள் குண்டை, பிடிக்க ஓர் இரும்புப் பெட்டி, இலக்கின்மேல் ஒரு நல்ல விளக்கு. மழைக்காலம் முழுக்கப் பயிற்சி நிற்காது. மிச்சப் பணத்தைக் கோவையில் ஒரு பயிற்சியாளருக்கும் பெல்லட்டுக்கும் ஒதுக்குங்கள். பெல்லட் வாங்கும்போது இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு டப்பா வாங்கி, ரைஃபிளை அசையாமல் தாங்கலில் வைத்து, வகைக்குப் பத்துச் சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாக விழுகிறதோ, அதே தயாரிப்பு எண் உள்ள டப்பாக்களை மொத்தமாக வாங்கி வையுங்கள்.