கேட் பூட்டியிருந்தால்: கதவடைப்பின் முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியவை

ஷிஃப்டுக்கு வந்தால் கேட் பூட்டியிருக்கிறது, நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. முதலில் அதை முழுவதும் படித்து, தேதி தெரிய போட்டோ எடுங்கள். அதில் இருப்பது கதவடைப்பா (தகராறில் நிர்வாகமே வேலையை நிறுத்திப் பூட்டுவது), லே-ஆஃபா (மூலப்பொருள், மின்சாரம் போன்றவை இல்லாமல் தற்காலிகமாக வேலை தர முடியாமல் போவது) என்பதைப் பொறுத்துப் பணமே மாறும். லே-ஆஃபில் தகுதியுள்ளவர்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி உண்டு. கதவடைப்பில் அது இல்லை; சட்டவிரோதம் அல்லது நியாயமற்றது என்று நிரூபித்தால்தான் அந்த நாட்களின் சம்பளத்தைக் கேட்க முடியும். அந்தச் சொல்லே எழுதாமல் சிலரை மட்டும் உள்ளே விட மறுத்தாலும், அதைக் கதவடைப்பு என்று வாதாட இடமுண்டு.

அடுத்து, நாட்களை எண்ணுங்கள். 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் பூட்டக் கூடாது. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன் சமரசப் பேச்சு நடக்கும்போதும், அது முடிந்த 7 நாளுக்குள்ளும் கூடாது. ஏற்கெனவே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தால் முன்னறிவிப்பு தேவையில்லை. அந்த வேலைநிறுத்தம் சட்டவிரோதமாக இருந்தால், அதற்குப் பதிலாக அறிவித்த கதவடைப்பு சட்டவிரோதம் ஆகாது. பல சங்கங்கள் வழுக்கி விழுவது இங்கேதான். ஆகவே முதலில் உங்கள் வேலைநிறுத்த நோட்டீஸின் தேதிகளைச் சரிபாருங்கள்.

பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில், ரயில், மின்சாரம், தண்ணீர் போன்ற பொதுப் பயன்பாட்டுத் துறைகளில் நோட்டீஸ் சமரச அதிகாரி கைக்குப் போன நாளிலேயே சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. இப்போது அதிகாரி நடத்தும் முதல் கூட்டத்தின் நாள்தான் கணக்கு. கூட்டம் நடந்துவிட்டால் சமரசம் முடியும்வரை பூட்ட முடியாது. அதனால் நிர்வாகத்தின் நோட்டீஸ் வந்தவுடனே தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) மனு கொடுத்து, அந்த 14 நாளுக்குள் கூட்டம் நடக்க வையுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்க மறக்காதீர்கள்.

வழக்கின் உயிர் கேட்டில்தான் இருக்கிறது. தினமும் அவரவர் ஷிஃப்ட் நேரத்துக்கு அடையாள அட்டையோடு வாருங்கள். ஒரு நோட்டில் பெயர், டோக்கன் எண், வந்த நேரம், கையெழுத்து நான்கையும் பதியுங்கள். “வேலை செய்யத் தயாராக இருக்கிறோம், அனுமதிக்கவில்லை” என்று எழுதி நிர்வாகத்துக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்; உதவி ஆணையருக்கும் நகல் போகட்டும். பத்து நாள் வந்துவிட்டுச் சலித்து நிறுத்தினால், பதினோராம் நாளிலிருந்து “அவர்களே வரவில்லை” என்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் தனியாக எழுதட்டும். ஒப்பந்ததாரர், ஆலை நிர்வாகம் இரண்டு முகவரியும் வேண்டும்.

வண்டிகளை மறிக்காதீர்கள், கல் பறக்க விடாதீர்கள். ஒரு எஃப்.ஐ.ஆர். போதும், கதவடைப்பு நியாயமானது என்று வாதாட.

திறக்கும் நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். நன்னடத்தை உறுதிமொழியில் கையெழுத்துக் கேட்பார்கள். 2014 மார்ச்சில் பெங்களூரு அருகே பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் கார் நிறுவனம் கதவடைப்பை நீக்கியபோதும் கேட்டார்கள், தொழிலாளர்கள் மறுத்தார்கள். “தவறு செய்தேன்”, “இந்த நாட்களுக்குச் சம்பளம் கோர மாட்டேன்” போன்ற வரிகள் இருந்தால் தனியாளாகக் கையெழுத்திட வேண்டாம். தாளின் நகலைச் சங்கத்திடம் கொடுத்து, அந்த நிபந்தனையைச் சமரச அதிகாரி முன் எழுத்தில் எதிர்த்துவிட்டு, அன்றும் கேட் நோட்டில் கையெழுத்துப் போடுங்கள்.